பெயர் போடாத சரக்கு

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை பிற்பகல், குழாய் உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் அலுவலக அறையில் புதிய மென்பொருளுக்கான பயிற்சி நடந்தது. கற்றுக்கொடுத்தவர் ஒருவர், கற்றுக்கொண்டவர் ஒருவர்.

கற்றுக்கொண்டவள் ஸ்டோர்கீப்பர். மாலைத் தேர்வில் தேறாவிட்டால் வேலை இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். படுக்கையில் கிடக்கும் கணவருக்கு அவள் சம்பளம்தான் மருந்து. கற்றுக்கொடுத்தவனுக்குச் சுமையாட்கள் வைத்த பெயர் 'டை'. வேர்த்துக் கொட்டினாலும் கழுத்து டையைத் தளர்த்தமாட்டான். அவள் தொட்ட கீபோர்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தொடுவான். ஒரு வரியில் எழுதி முடிக்கும் வேலையை ஏழெட்டுத் திரைகளில் செய்யவைக்கும் வித்தைக்கு இத்தனை மிடுக்கு.

"எண்டரை ஏன் கதவு மாதிரி தட்டறீங்க? யாராவது திறந்துடப் போறாங்க."

"தப்பாப் போட்டுட்டா எப்படி எடுக்கறது தம்பி?"

"அது நாளைக்குப் பாடம். முதல்ல போடக் கத்துக்கங்க. இது பயிற்சிக்கான நகல்தான். என்ன அடிச்சாலும் நிஜக் குடோன்ல ஒரு ஆணிகூட அசையாது."

முதல் பாடம், ஒரு பெட்டியை மூன்றாம் அடுக்கிலிருந்து ஐந்தாம் அடுக்குக்கு மாற்றுவது. தட்டினாள். சுவருக்கு அப்பால், சாப்பாட்டு வேளைக்காகப் பூட்டிய கிடங்கில், மரப்பெட்டி ஒன்று சிமெண்டுத் தரையில் அவசரமே இல்லாமல் இழுபட்டு, நின்று, மூச்சு வாங்கியதுபோல் மறுபடி இழுபட்டு, ஐந்தாம் அடுக்கு இருக்கும் மூலையில் போய் ஓய்ந்தது. கிடங்கின் சாவி அவள் மேசைமேல் கிடந்தது.

"உள்ள யாரோ..."

"பெருச்சாளியா இருக்கும். இத்தனை வருஷமா நீங்க வளத்ததுதானே."

அடுத்தது புதுச் சரக்கை வரவு வைப்பது. காது சுவர்ப் பக்கமே இருந்ததில் பொருளின் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, எண்ணிக்கை ஒன்று, இடம் இறக்குதளம் என்று போட்டுத் தட்டிவிட்டாள்.

"பேரே இல்லாம தட்டறீங்களே! சிஸ்டம் துப்பும் பாருங்க."

துப்பவில்லை. பச்சைக் குறி விழுந்தது. இருப்பு: ஒன்று.

கிடங்குக்குள், லாரிச் சரக்கை இறக்கிவைக்கும் அந்தத் தளத்தில் எதுவோ தொப்பென்று வந்து அமர்ந்தது. கதவிடுக்கு வழியே எப்போதும் வரும் துருவாடையையும் மசகெண்ணெய் வாடையையும் அமுக்கிக்கொண்டு, நனைந்த மயிரின் நாற்றம் வந்தது.

"வாங்க, உங்க பேயை எனக்கும் காட்டுங்க."

அவள் எழவில்லை.

"படிக்காதவங்களோட இதே ரோதனை" என்றபடி சாவியை எடுத்துக்கொண்டு போனான். பூட்டு திறந்தது. விளக்கு சுவிட்ச் 'டிக்' என்றது. பூட்ஸ் சத்தம்.

"இங்க ஒண்ணும் இல்..."

அவ்வளவுதான். அலறல்கூட இல்லை.

"தம்பி?"

திரையில் இருப்பு எண் தானாக மாறியது. இரண்டு.

நீக்கும் வழியைத் தேடினாள். இங்கே தட்டினாள். அங்கே தட்டினாள். தெரியவில்லை. இடத்துக்கான கட்டத்தில் 'இறக்குதளம்' தானாக அழிந்தது. எழுத்து எழுத்தாக வேறு இடம் விழுந்தது. அலுவலக அறை.

நாற்றம் கிட்டே வந்தது.

அவளுக்குத் தெரிந்தது ஒரே பாடம். இடம் மாற்றுவது. தம்பியை விட்டுவிட்டு இன்னொன்றை மட்டும் மாற்றலாம். எதை? இரண்டுக்கும் பெயரில்லை.

இரண்டையும் கடைசி வரிசையின் உச்சி அடுக்குக்கு மாற்றினாள். தட்டினாள். கதவுக்கு வெளியிலிருந்து இழுபடும் ஓசை புறப்பட்டது. கனமாக ஒன்று. பின்னால், பூட்ஸ் குதிகால் உரச, இன்னொன்று.

மாலைத் தேர்வைக் கணினியே நடத்தியது. தேறினாள்.

மறுநாள் வேறொருவன் வந்து நீக்கும் பாடத்தை நடத்தினான். அந்தப் பதிவை மட்டும் நீக்க முடியவில்லை. கணினி பொருளின் பெயர் கேட்டது.

மாத இறுதிக் கணக்கெடுப்பில் ஓர் ஆள் ஏணி வைத்து உச்சி அடுக்குக்கு ஏறினான். வெகுநேரம் கழித்து இறங்கினான். இரண்டு என்று குறித்தான். கணக்கு சரியாக இருந்தது.