பானெட்டில் மிச்சமிருந்த சூடு

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்பது அவள் வழக்கம். பழைய டீசல் கார் பார்க்கப் போனால் அப்படித்தான் போகவேண்டும். போனதும் வணக்கம், விசாரிப்பு எதுவும் கூடாது. நேரே போய் பானெட்டில் உள்ளங்கையை வைக்கவேண்டும். சில்லென்று இருந்தால் மேற்கொண்டு பேசலாம்...

சூடாக இருந்தது.

"சார், வண்டிய இப்பத்தான் எங்கயோ ஓட்டிட்டு வந்திருக்கீங்க போல?"

ஷெட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்தவனின் கையில் அழுக்குத் துணி. முகத்தைவிட முதலில் அவள் பார்த்தது கண்களைத்தான். தூக்கம் போதாத, பெரிய கண்கள். அவளைக் கண்டதும் அவை திடீர் மழையில் ஒதுங்க இடம் தேடும் ஆளைப் போல, சுவர், கூரை, தரை என்று அலைந்தன.

"சும்மா... ஒரு ரவுண்டு."

சும்மா. போன வருடம் ஒரு காரை அவள் தலையில் கட்டியவனும் இதே வார்த்தையைத்தான் சொன்னான். தேய்ந்துபோன டீசல் இன்ஜின் குளிரில் சண்டித்தனம் பண்ணும். ஆள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால், சாவியைத் திருப்பியதும் சாதுவாக எழுந்துகொள்ளும். அவள் வாங்கிய கார் மறுநாள் காலையில், தேனீப் பெட்டிகள் ஏற்றிய ட்ரெய்லரைப் பின்னால் வைத்துக்கொண்டு, நகரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. வெயில் ஏற ஏறப் பெட்டிகளுக்குள் எழுந்த இரைச்சல் இன்னமும் அவள் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து அண்ணன் அவளை 'இன்ஸ்பெக்டர்' என்றுதான் கூப்பிடுகிறான். "பெட்டியெல்லாம் வித்துட்டு வந்து என் கடைக் கல்லாவுல உக்காரு" என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டிகள், பூத்து நிற்கும் மலையடிவாரப் பழத்தோட்டத்தில் இறங்காவிட்டால், தோட்டக்காரர் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார். அப்புறம் அண்ணன் கடையில் ஆணியும் பூட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு காலத்தை ஓட்டவேண்டியதுதான்.

இந்தக் காரை அவள் பார்த்ததே தற்செயல். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றிருந்தது. பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாள். நீளமான, அழகு பார்க்காத பழைய செடான். பின்னால் வெல்டிங் செய்து பொருத்திய இழுவைக் கொக்கி. பஸ்ஸின் ஜன்னல் வழியாக அந்தக் கொக்கியைப் பார்த்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடிவந்து, தாளில் இருந்த எண்ணுக்குப் பேசினாள். சொந்தக்காரன் அதே கட்டடத்துக்குள் லிஃப்ட் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். உடனே இறங்கி வர முடியாது, மறுநாள் காலை வீட்டுக்கு வந்து பாருங்கள் என்றான். போனிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள்... பெட்டிகளின் எடை, மேட்டுப் பாதை, வண்டி குலுங்கினால் தேனீக்கள் மூர்க்கமாகிவிடும் என்பது வரைக்கும். அவன் "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று அப்போதே தோன்றியது.

இப்போது காரைச் சுற்றி வந்தாள். பின்னால் குனிந்தவள் நிமிரவில்லை. கொக்கியில் பெயின்ட் உரிந்து, இரும்பு புதிதாகப் பளபளத்தது.

"இதுல என்ன மாட்டினீங்க?"

"அது... பழைய கீறல்."

"பழசுன்னா துரு பிடிச்சிருக்கணும் சார்."

அவன் காது மடல் சிவந்தது. மாடிச் சுவருக்கு மேலே ஈரத்துணியோடு ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"விடியறதுக்குள்ளயே எங்கயோ ஓட்டிட்டுப் போயி, கொஞ்சம் முன்னாடிதான் வந்தாம்மா. கேட்டா வாயத் திறக்கல. விக்கப்போற வண்டி மேல தம்பிக்கு இப்பத்தான் பாசம் பொங்குது."

"அக்கா, நீ உள்ள போ."

"போறேன், போறேன். பொண்ண நிக்க வச்சே பேசி அனுப்பிடாத."

அவன் துணியால் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நானும் ஒண்ணு கேக்கலாமா? உங்கள புரோக்கர் யாரும் அனுப்பலையே? போன்ல நீங்க கேட்டதெல்லாம் வக்கீல் கேக்குற மாதிரி இருந்துச்சு."

"என்னப் பாத்தா புரோக்கர் ஆள் மாதிரியா இருக்கு?"

"முகத்தப் பாத்தா சொல்ல முடியல..." அவன் பார்வை இறங்கியது. "கையப் பாத்தா இல்ல."

தேனீ கொட்டி வீங்கியிருந்த விரல்களை அவள் சட்டென்று துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஏன் மறைத்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. கார் பார்க்க வந்த இடத்தில் கை எப்படி இருந்தால் என்ன...

"சரி. சாவியக் குடுங்க, ஓட்டிப் பாக்கறேன்."

"இன்னிக்கு வேண்டாம்." அவன் தரையைப் பார்த்தான். "ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"ஏன், வேற யாராவது கூட வெலைக்குக் கேட்டாங்களா?"

"இல்லங்க."

"அப்போ வண்டில கோளாறு."

"பெருசா ஒண்ணுமில்ல. சின்ன வேலை."

"சின்ன வேலைக்கு ஒரு வாரமா?"

அவன் கண்கள் ஒருமுறை அவளை நேராகப் பார்த்துவிட்டுத் திரும்பின. பொய் சொல்கிறவனின் கண்களில் இவ்வளவு சங்கடம் இருக்குமா? இருக்கும். நன்றாகப் பொய் சொல்கிறவனின் கண்களில்தான் இருக்கும்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள என் பெட்டிங்க தோட்டத்துல இருக்கணும். பூ எனக்காகக் காத்திருக்காது. உங்க வண்டிய நீங்களே வச்சுக் கும்பிடுங்க."

"ஞாயிறா? நீங்க இத முன்னாடியே... ஒரு நிமிஷம் நில்லுங்க..."

நிற்கவில்லை. முதல் தூறல் விழுந்தது. பஸ் ஏறி உட்காரும்போது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. கைப்பைக்குள் போன் அடித்தது. அவன் எண். எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரவு அண்ணன் கேட்டான். "என்ன இன்ஸ்பெக்டர், இவனையும் உள்ள தள்ளிட்டியா?"

"கூட வெல குடுக்கற ஆளுக்காக வண்டியப் பிடிச்சு வச்சிருக்கான்."

"அவனே சொன்னானா?"

"சொல்லல. கண்ணு சொல்லுச்சு."

"ஓ... கண்ண வேற பாத்தியா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் கார்க்காரனின் தெருமுனையில் அவள் நின்றாள். அந்த இன்னொரு ஆள் யாரென்று கண்ணால் பார்த்துவிட்டால் மனம் ஆறிவிடும். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

ஷெட் காலி. கார் இல்லை.

நினைத்தது சரிதான். விற்றுவிட்டான்... கார் போனதற்கு அத்தனை வலிக்கக்கூடாது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அடித்தொண்டையில் நிதானமாக உறுமும் பழைய டீசலின் சத்தம். தெரு முடியும் இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் செங்குத்தான மேட்டில் அந்த செடான் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு ட்ரெய்லர். புகை இல்லை, திணறல் இல்லை. பாதி மேட்டில் நின்றது. பின்னால் ஒரு விரல் அளவுகூட உருளாமல், இழுத்துக்கொண்டு மறுபடி மெல்ல நகர்ந்தது.

தூறலில் நனைந்தபடி அவள் மேடேறினாள். தொட்டியடியில் காரை நிறுத்திவிட்டு அவன் இறங்கி, முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு ட்ரெய்லரிடம் ஓடினான். அதற்குள் இரும்பு எடைக்கட்டிகள் அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் நட்டநடுவில் ஒரு எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர்.

"என்ன சார் இது?"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். நெற்றியில் மழைத்துளிகள். கண்களுக்கு இந்தமுறை ஒதுங்க இடம் கிடைக்கவில்லை.

"டெஸ்ட்..."

"எதுக்கு?"

"எடை ஏத்திப் பாக்காம நாங்க எந்த லிஃப்ட்டையும் ஆளுங்ககிட்ட ஒப்படைக்க மாட்டோம். மேல டம்ளர் வைப்போம். தண்ணி தளும்புச்சுன்னா உள்ள நிக்கறவங்களுக்குத் தூக்கிவாரிப் போடும்னு அர்த்தம். நீங்க போன்ல சொன்னீங்களே... குலுங்குனா தேனீக்குக் கோபம் வரும்னு."

அவள் எடைக்கட்டிகளைப் பார்த்தாள். அவள் போனில் சொன்ன அதே எடை.

"நேத்து காலைலயும் இதத்தான் பண்ணினீங்களா?"

"ம். மேட்டு உச்சில சூடு காட்டுற முள் ஏறிடுச்சு. பாத்தா ரேடியேட்டர் ரப்பர் ஹோஸ் உப்பியிருந்துச்சு. அப்படியே தூக்கிக் குடுக்க மனசு வரல."

"இத நேத்தே சொல்லியிருக்கலாமே. சும்மா ஒரு ரவுண்டுன்னீங்க."

"வண்டி வாங்க வந்தவங்ககிட்ட... உங்க குரலக் கேட்டுட்டு விடியக்காலைல எடைய ஏத்திக்கிட்டு மேடு ஏறினேன்னு எப்படிங்க சொல்றது?"

தொட்டியின் விளிம்பிலிருந்து மழை நூல் நூலாக இறங்கியது. அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிக்கொண்டு விசாரணையைத் தொடர்ந்தாள்.

"ஹோஸ் மாத்தியாச்சா?"

"நேத்து சாயங்காலமே."

"ஒரு சாயங்கால வேலைக்கு எதுக்கு சார் ஒரு வாரம்?"

அவன் கொக்கியைப் பார்த்தான், மேட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். நேராக.

"ஹோஸுக்கு ஒரு சாயங்காலம் போதும். மிச்ச நாளு எனக்காகக் கேட்டது. வண்டிய எடுத்துட்டீங்கன்னா அப்புறம் நீங்க இந்தத் தெருவுக்கு வர எந்தக் காரணமும் இல்ல. ஞாயித்துக்கிழமைக் கெடு எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்புறம்தான் போன் மேல போன் பண்ணினேன்... நீங்க எடுக்கல."

ஆக, சந்தேகம் முழுக்கத் தப்பில்லை. இவன் எதையோ மறைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"எடுக்கல," என்றாள் மெதுவாக. "ஆனா போன் அடிச்சு நிக்கும்போதெல்லாம்... இன்னொரு தடவ அடிக்காதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். நனைந்து விறைத்திருந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது.

"இது செல்லாது," என்றாள். "ஆறின இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டணும். நாளைக்குக் காலைல வரேன்."

"நாளைக்கா?"

"நாளன்னிக்கும். நான் லேசுல யாரையும் நம்பறதில்ல. ஞாயித்துக்கிழமை பெட்டி ஏத்தறப்போ நீங்கதான் ஓட்டணும். வண்டிக்கு நான் பொறுப்பு. ஓட்டறவருக்கு..." முடிக்காமல் ட்ரெய்லர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எடைக்கட்டி மேலிருந்த டம்ளரை எடுத்து இரண்டு மிடறு குடித்தாள். மழையில் நின்றவளுக்கு எங்கிருந்து அவ்வளவு தாகம் வந்ததோ... மிச்சத்தை அவனிடம் நீட்டினாள். வீங்கிய விரல்களை இப்போது மறைக்கவில்லை.

மேட்டில் நின்று கிளம்பியபோதெல்லாம் தளும்பாமல் இருந்த தண்ணீர், அவள் கையிலிருந்து அவன் கைக்கு மாறும்போது தளும்பியது.