நிலவறையிலிருந்து மூன்று தட்டு

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு ட்ரவுடா கேட்டபோதுதான் சபினா தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏம்மா சபினா, கேஸ் பாய்லர் மாட்டியாச்சுன்னு சொன்ன. அப்புறம் என்னத்தப் போட்டு எரிக்கிற?"

புகைபோக்கியிலிருந்து மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது. ஈரக் கரி எரிந்தால் வருமே, கறுப்பும் மஞ்சளுமாக, அந்தப் புகை. பழைய பாய்லரைப் பெயர்த்த கையோடு அந்தப் புகைபோக்கியைச் சிமெண்ட் பூசி அடைத்தாகிவிட்டது. அடைத்ததை அவளே கூட நின்று பார்த்தாள்.

"அது எங்க புகை இல்லக்கா. எங்கேருந்தோ காத்துல வருது."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. நெருப்பில்லாம புகையுமா? கரி எரிச்சா அபராதம் தெரியுமில்ல? நான் நகராட்சிக்குப் போன் போட மாட்டேன்மா. எதிர்வீட்டுக்காரன் போட்டுடுவான், பாத்துக்க."

போன் போடப்போவது யார் என்பது தெருவுக்கே தெரியும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? சபினா பனி தள்ளும் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். டிசம்பர் மாதம், மூன்றரை மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கணவன் எரிக் மதிய ஷிப்டுக்குச் சுரங்கத்தில் இறங்கியிருப்பான். வீட்டில் அவளும் ஐந்து வயது லிவியாவும்தான்.

வீட்டைச் சூடாக்கிய அந்தப் பழைய கரி பாய்லர் எரிக்கின் அப்பா அலோய்ஸுடையது. ஆள் உயர வார்ப்பிரும்பு. முதலில் அதை நிலவறையில் இறக்கிவைத்துவிட்டு அதற்கப்புறம்தான் வீட்டையே எழுப்பினார்களாம். கதவு வழியாக வெளியே வராது என்பதால் சம்மட்டியால் துண்டு துண்டாக உடைத்துத்தான் எடுத்தார்கள். லிவியாவுக்கு மூச்சிழுப்பு. கரிப்புகையை நிறுத்தச் சொல்லி டாக்டர் தலைப்பாடாய் அடித்துக்கொண்டும் கிழவர் மசியவில்லை. "இந்தக் கரியிலதான் எரிக் வளந்தான், அவன் நெஞ்சு என்ன ஓட்டையா?" என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அவருக்கு ஒரு பழக்கம். கரி போட இறங்கினால் மேலே இருப்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்கமாட்டார். கிளறும் கம்பியால் வெந்நீர்க் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். ஓசை குழாய் வழியே, அறைகளைச் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் ஓடும். மேலே இருப்பவர்கள் கரண்டியால் ரேடியேட்டரில் பதில் தட்டவேண்டும். ஒரு தட்டு என்றால், குளிருகிறது, இன்னும் போடு. இரண்டு தட்டு என்றால், போதும், சாப்பிட மேலே வா. இரண்டு தட்டுக் கேட்காமல் அவர் படியேறியதே இல்லை.

போன குளிர்காலத்தில் ஒருநாள் பாய்லரை மாற்றுவது பற்றி மாமனாருக்கும் மருமகளுக்கும் வாய்ச்சண்டை முற்றி, அவர் விறுக்கென்று கீழே இறங்கிவிட்டார். மூன்று தட்டுக் கேட்டது. சபினா கரண்டியைக் கையில் எடுத்தாள், பிறகு மேசைமேலேயே வைத்துவிட்டாள். வேணும்னா தானா வரட்டுமே. மறுபடி மூன்று தட்டு. மறுபடியும். அப்புறம் கேட்கவில்லை. உருளைக்கிழங்கு உறைந்துவிடும் என்று நிலவறையின் காற்றுத் துவாரத்தில் அவரே பழைய மெத்தைப் போர்வையைத் திணித்திருந்தார். அந்தத் தெருவில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான். புகையும் தெரியாமல் மணமும் இல்லாமல் நச்சுக்காற்று நிறைந்துவிட்டது. எரிக் இறங்கிப் பார்த்தபோது கிழவர் கரிக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உயிர் இல்லை. கன்னம் இரண்டும், பனியில் விளையாடிவிட்டு வந்த குழந்தைக்குப் போல, அந்த நச்சால் செக்கச்செவேலென்று இருந்தன. தட்டுக் கேட்டதைச் சபினா இன்றுவரை எரிக்கிடம் சொல்லவில்லை.

சமையலறைக்குள் நுழைந்ததும் அந்த வாசனை. கரிவாசனை. சுவருக்குள் ஊறிப்போனது, போக நாளாகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நச்சுக்காற்றைக் கண்டுபிடிக்கும் கருவி கதவுக்கு மேலே பச்சை விளக்கோடு பூஜ்யம் காட்டியது. உருளைக்கிழங்கு மாவை உருட்டி, ஒவ்வொரு உருண்டையிலும் குழம்பு தங்கக் கட்டைவிரலால் குழி அமுக்கிக்கொண்டிருந்தாள்.

ணங். ணங். ணங்.

குழாய் சூடேறினால் இரும்பு விரியும், சத்தம் வரும் என்று பாய்லர் மாட்ட வந்தவர் சொல்லியிருந்தார். சபினா அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த உருண்டையை எடுத்தாள்.

லிவியாவின் அறையிலிருந்து பதில் வந்தது. ஒரே ஒரு தட்டு.

குழந்தை ரேடியேட்டர் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. கையில் கரண்டி.

"என்னடி பண்ற?"

"தாத்தா கேட்டாரும்மா, குளிருதான்னு. ஆமான்னு சொன்னேன்."

"யாரு சொல்லிக்குடுத்தா இதெல்லாம்?"

"தாத்தாதான். நேத்தும் கேட்டாரு. நீ பதிலே தட்ட மாட்டியாம். அதான் நான் தட்டறேன்."

சபினா அறைக்குள் பாய்ந்தாள். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ரேடியேட்டரைத் தொட்டாள். கை பொசுங்கியது. சமையலறைக்கு ஓடி, சுவரில் மாட்டியிருந்த புதுப் பாய்லரின் பிளக்கைப் பிடுங்கினாள். அதன் சின்னத் திரை அணைந்தது. ரேடியேட்டரின் சூடு குறையவில்லை. ஏறிக்கொண்டே போனது. பெயிண்ட் கருகும் நாற்றம் வந்தது.

அப்போதுதான் கீழேயிருந்து அந்த ஓசை. சரக். மண்வாரி கரிக்குள் இறங்குகிற ஓசை. நிலவறையில் ஒரு துண்டுக் கரி கிடையாது. கூட்டிக் கழுவியது அவள்தான்.

நிலவறைக் கதவைத் திறந்து மேல்படியிலேயே நின்றாள். விளக்கு ஸ்விட்ச் வேலை செய்யவில்லை. வெளிச்சம் மட்டும் இருந்தது. தரையில் பாய்லர் நின்ற இடம் வெறும் சதுரத் தடம், அதன்மேல் ஒன்றுமில்லை, ஆனால் எதிர்ச் சுவரில், அடுப்புக் கதவைத் திறந்தால் விழுமே, அந்தச் செந்நிற ஒளி ஆடிக்கொண்டிருந்தது. காற்றுத் துவாரத்தில் மெத்தைப் போர்வை. சாவு முடிந்த மறுநாள் அவளே தோட்டத்தில் போட்டுக் கொளுத்திய போர்வை.

ஒளிக்குக் குறுக்கே ஒரு முதுகு குனிந்து நிமிர்ந்தது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

"அம்மா, தலை வலிக்குது."

குரல் குழறியது. ஓடினாள். லிவியா தரையில் சரிந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. அழகாக இருந்தன. அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும்.

ஜன்னலை விரியத் திறந்து குழந்தையைத் தூக்கி வெளிக்காற்றில் பிடித்தாள். பனி வந்து முகத்தில் அறைந்தது. லிவியா கண் திறக்கவில்லை. தெருவுக்கே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று திரும்பினாள். சரக். கீழே மண்வாரி இறங்கியது. குழந்தையின் மூச்சு ஒருமுறை தவறியது. சரக். இன்னொருமுறை. இந்த நல்ல காற்றில், இந்தக் குளிரில், கன்னம் இன்னும் சிவந்தது.

அறை வாசல் வழியே சமையலறைக் கருவி தெரிந்தது. பச்சை விளக்கு. பூஜ்யம்.

ணங். ணங். ணங்.

கேள்வி அவளுக்குத்தான்.

பதில் தெரியும். போன வருஷமே தெரியும். இரண்டு தட்டினால் நின்றுவிடும். இரண்டு தட்டினால் வருவார்.

லிவியாவின் மூச்சு நின்றது.

சபினா கையிலிருந்த கரண்டியை ஓங்கினாள். ஒன்று. இரண்டு.

மண்வாரி ஓய்ந்தது. வீடே ஓய்ந்தது. குழந்தை இருமியது. மூச்சை இழுத்தது. கன்னத்துச் சிவப்பு மெல்ல வடிந்தது. சபினா அதைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

கீழே மண்வாரியைச் சுவரில் சாய்க்கிற சத்தம். பிறகு பூட்ஸ் சத்தம். ஒரு படி. நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. எப்போதும் அப்படித்தான் ஏறுவார்.

தாழ்ப்பாள் தானாக நகர்ந்தது.

அறை வாசலில் கரிவாசனை வந்து நின்றது. சபினா நிமிரவில்லை. பூட்ஸை மட்டும் பார்த்தாள். கரித்தூள் தரையில் உதிர்ந்தது. அப்புறம் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கன்னங்கள் இன்னும் செக்கச்செவேலென்று இருந்தன. அவர் கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போயிருந்தார். கிளறும் கம்பியைக் கைப்பிடிப் பக்கமாக அவளிடம் நீட்டினார்.

லிவியா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

"வாங்கிக்கோம்மா. தாத்தாவுக்குப் பசிக்குது. இனிமே நீதான் கீழ போய்க் கரி போடணுமாம்."

கம்பி அவள் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. கைப்பிடியில் இன்னும் சூடு இருந்தது.

"நீ கேளு," என்றது குழந்தை, ரேடியேட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு. "நான் இங்கேருந்து பதில் தட்டறேன்."