களைப்பை வாங்கிக்கொள்பவர்

செவ்வாய்க்கிழமை பகல் ஒரு மணிக்கு ஆர்வில் டாப்ஸ் நீராவிக் குளியல் கூடத்துக்கு வந்துசேர்ந்தார். தெருவில் வண்டி நிறுத்த இடமில்லை. பனியை வாரித் தள்ளியவர்கள் அவரவர் இடத்தில் உடைந்த நாற்காலியையோ இஸ்திரிப் பலகையையோ போட்டு வைத்திருந்தார்கள். அதை நகர்த்திவிட்டு நிறுத்தினால் திரும்பி வரும்போது டயரில் காற்று இருக்காது. மூன்று தெரு தள்ளி நிறுத்திவிட்டு, ஏரிக்காற்று காதை அறுக்க அறுக்க நடந்து வந்தார்.

ஐம்பத்தெட்டு வயது. விடிகாலை நான்கு மணியிலிருந்து சிகாகோவின் வெஸ்டர்ன் அவென்யூவில் வடக்கும் தெற்குமாகப் பேருந்து ஓட்டிய தோள்கள். அதற்கும் முன்பு, இருட்டிலேயே எழுந்து, மனைவி லொரெட்டாவைத் தூக்கி உட்காரவைத்துத் துடைத்து உடை மாற்றிய தோள்கள். பக்கவாதம் வந்து அவளுடைய இடப்பக்கம் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை தூக்க வேண்டும். பகலில் மாடிவீட்டு பெர்னீஸ் வந்து பார்த்துக்கொள்வாள். செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் கூடுதலாக இருப்பாள். அந்த இரண்டு மணி நேரம்தான் ஆர்விலுக்கு வாரம் முழுவதற்குமான விடுமுறை.

முன் மேசையில் ஹலீனா வாத்து மாதிரி கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"வாய்யா ஆர்வில். மூஞ்சியப் பார்த்தா பஸ்ஸை நீ ஓட்டலை, பஸ்தான் உன்னை ஓட்டுச்சு போல இருக்கே."

"துண்டைக் குடு தாயே. வம்பு அப்புறம்."

"இன்னிக்கு உள்ளே கூட்டமே இல்லை. எவனோ ஒருத்தன் 'சிகாகோவுக்குப் போனா விடக்கூடாத இடங்கள்'னு நம்மளைப் பத்தி எழுதித் தொலைச்சுட்டான். சனி ஞாயிறு ஆனா வெளியூர்க்காரனுங்க வந்து ஆவிக்குள்ளே நின்னு போட்டோ எடுக்கறானுங்க. செவ்வாய்க்கிழமைதான் நாம நாமளா இருக்கோம்."

உடை மாற்றும் அறையில் ஸ்டாஷ் இருந்தார். இருவரும் ஒரே பணிமனையில் இருபது வருடம் பேருந்து ஓட்டியவர்கள். ஸ்டாஷ் ஓய்வு பெற்றதும், அவருடைய மகள் வாண்டா மருத்துவமனையில் இறந்ததும் ஒரே வருடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுவார். இன்றைக்கு அழவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. வாய்க்குள் ஏதோ பாட்டு.

"என்னடா ஸ்டாஷ், பத்து வயசு குறைஞ்சுபோய் நிக்கறே?"

ஸ்டாஷ் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"உள்ளே மேல்படியில போய்க் குப்புறப் படு. கண்ணைத் திறக்காதே. ஒருத்தர் வருவார். ஒண்ணே ஒண்ணு கேப்பார். சரின்னு சொல்லு. அவ்வளவுதான்."

"யாரு, புதுசா ஆள் போட்டிருக்காங்களா?"

"திரும்பிப் பார்க்காதே. முக்கியமா, யார் பேரையும் சொல்லாதே. உன் பேரு, வீட்டுல இருக்கறவங்க பேரு, எதையும்."

ஆர்வில் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

கனமான மரக்கதவு பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே வெளிச்சம் என்று சொல்ல ஒரே ஒரு மங்கிய விளக்கு. மூலையில் ஆள் உயர அடுப்பு. அதனுள் கருங்கற்கள் சிவந்து கிடந்தன. படிகள் மூன்று. ஒவ்வொரு படி ஏறும்போதும் வெக்கை ஒரு கம்பளியாக மேலே விழுந்தது. மேல்படியில் ஈரத்துண்டை விரித்துக் குப்புறப் படுத்தார். மரப்பலகையின் வாசனை, முதுகில் அடித்துத் தேய்க்க ஊறவைத்த ஓக் இலைக்கட்டின் வாசனை. தூரத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

கண் செருகியது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. ஆனால் யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கற்கள்மேல் வீசினார்கள். அடுப்பு சீறியது. ஈரக்கால்கள் பலகையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம், ஒவ்வொரு படியாக மேலே வந்தது.

இப்போது இன்னொரு வாசனை. மழை நாளில் நிரம்பி வழியும் பேருந்துக்குள் அடிக்கும் வாசனை. எத்தனையோ பேருடைய நனைந்த கோட்டுகள், எத்தனையோ பேருடைய மூச்சு.

ஒரு கை அவருடைய தோளில் படிந்தது.

அந்த வெக்கையில் அந்தக் கை மட்டும் சில்லென்று இருந்தது.

"இறக்கி வச்சிடலாமா?" என்று காதருகே ஒரு குரல் கேட்டது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. தாதி நோயாளியிடம் கேட்பதுபோல அவ்வளவு கனிவு.

ஆர்வில் மூன்று வருடமாகச் சரியாகத் தூங்காதவர். அவர் யோசிக்கவே இல்லை.

"சரி" என்றார்.

இலைக்கட்டு முதுகில் விழுந்தது. வலிக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் ஏதோ ஒன்று உடம்பிலிருந்து கழன்று போவது தெரிந்தது. ஈரத்தில் ஒட்டிய சட்டையை யாரோ பொறுமையாக உரிப்பதுபோல இருந்தது. விழித்தபோது அறையில் யாரும் இல்லை.

வெளியே வந்து ஹலீனாவிடம், "தேய்ச்சு விட்ட ஆளுக்கு நல்ல கை" என்றார்.

"யாரு? செவ்வாய்க்கிழமை தேய்ச்சு விட ஆளே கிடையாதே" என்று சொல்லிவிட்டு அவள் குளித்து வருபவர்களுக்கான சூப் சட்டியைக் கிளறப் போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆர்வில் விசிலடித்தார். பெர்னீஸை அனுப்பிவிட்டு, மிளகாய் ஊறுகாய் வைத்த மாட்டிறைச்சி ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே கூடைப்பந்து பார்க்க உட்கார்ந்தார். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. எங்கிருந்தோ ஒரு பெண் கூப்பிடும் சத்தம். அடுத்த வீடாக இருக்கும் என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

கதவை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். பெர்னீஸ்.

"காது செத்துப்போச்சாய்யா உனக்கு? அரை மணி நேரமா அவ கத்தறது மேல் மாடி வரைக்கும் கேக்குது!"

குளியலறைத் தரையில் லொரெட்டா ஒருக்களித்துக் கிடந்தாள். தானாகவே போக முயன்றிருக்கிறாள். கன்னத்தில் தரை ஓட்டின் அச்சு பதிந்திருந்தது.

"டேய் கிழவா," என்றாள். குழறிய குரல். "நீ அங்கேதானே இருந்தே? ஏன்டா வரலை?"

ஆர்வில் அவளைப் பார்த்தார். இவள் லொரெட்டா, முப்பத்தோரு வருடம் முன்பு இவளைக் கல்யாணம் செய்துகொண்டேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் ஒன்றுமே அசையவில்லை. பேருந்தில் ஏறி இறங்கும் ஆயிரம் முகங்களில் ஒன்றைப் பார்ப்பதுபோல இருந்தது. குனிந்து தூக்கினார்.

அவள் கனக்கவில்லை.

ஆள் இல்லாத கோட்டு ஒன்றைத் தூக்குவதுபோல இருந்தது. படுக்கையில் விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குள் மிச்சமிருந்த ஒரே உணர்ச்சி பயம்தான்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் குளியல் கூடத்துக்குப் போனார். ஸ்டாஷ் இப்போதெல்லாம் தினமும் வந்து மேல்படியில் படுக்கிறார் என்றாள் ஹலீனா. சூப் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டாஷ், அவர் என்கிட்ட என்ன எடுத்தார்?"

"களைப்பை. வேறென்ன?"

"நான் வாண்டாவோட கல்லறைக்கு வரேன்னு சொல்லியிருந்தேன். என்னைக்குப் போறோம்?"

ஸ்டாஷ் மரியாதையாக யோசித்தார்.

"வாண்டாவா? யாரு, உங்க சொந்தக்காரங்களா?"

ஆர்வில் உடையைக்கூட முழுசாகக் கழற்றவில்லை. மரக்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி மூன்று படியும் ஏறினார். குப்புறப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நேரம் போனது. வியர்வை கண்ணில் இறங்கி எரித்தது.

அடுப்பு சீறியது.

ஈரக்கால்கள்.

மழைநாள் பேருந்தின் வாசனை.

"மறுபடியுமா?" என்றது குரல். "உன்கிட்ட இன்னும் என்ன இருக்கு?"

"திரும்பக் குடு."

ஈரக்கால்கள் பலகையில் இடம் மாறின. பிறகு, உண்மையிலேயே வருத்தப்படுவதுபோல: "எது உன்னோடதுன்னு எனக்குத் தெரியாதே. இங்கே எல்லாம் ஒண்ணாக் கிடக்கு."

"என் பெண்டாட்டியோடது. அவளைத் தூக்கித் தூக்கி வந்தது."

"பெண்டாட்டிங்க நிறைய இருக்காங்க."

"லொரெட்டா!" என்று கத்தினார் ஆர்வில். "லொரெட்டா டாப்ஸ்! இடப்பக்கம் விழுந்துபோச்சு. கீழ்வீடு, ஜன்னலோரக் கட்டில். அவளோடது. அதைக் குடு!"

சொல்லி முடித்த பிறகுதான் ஸ்டாஷ் சொன்னது நினைவுக்கு வந்தது.

குரல் அந்தப் பெயரை ஒருமுறை, மெதுவாக, தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டது.

பிறகு இரண்டு சில்லென்ற கைகளும் அவர் முதுகில் பதிந்தன. பாரம் இறங்கியது. பலகை முனகியது. அது அவருடையது மட்டும் அல்ல. யாரோ ஒரு தாயின் இருமல். போருக்குப் போய் வராத ஓர் அண்ணன். மருத்துவமனை ஜன்னலில் மூச்சுவிட்டுப் பூ வரையும் ஒரு பெண். அப்படி ஒரு மகள் ஆர்விலுக்கு இல்லை, ஆனாலும் அவளுக்காக விம்மி விம்மி அழுதார். அத்தனைக்கும் அடியில், கடைசியாக, லொரெட்டா. அவளுடைய எடை, அவள் கழுத்தடி வாசனை, நள்ளிரவுகளில் அவள் கேட்காமல் விட்ட தண்ணீர். எல்லாம் வந்துவிட்டன.

தவழ்ந்துதான் வெளியே வந்தார். ஹலீனா பதறிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். "டாக்டரைக் கூப்பிடட்டுமாய்யா?"

"வேண்டாம். களைப்பு, அவ்வளவுதான்" என்றார் ஆர்வில். அதைச் சொல்லும்போது அவருக்கு நிம்மதியாக இருந்தது. வண்டி வரைக்கும் மூன்று தெரு நடக்க இருபது நிமிடம் ஆயிற்று. முதுகு நிமிரவில்லை. நேற்று அவள் தரையில் கிடந்தது ஒவ்வொரு அடியிலும் நெஞ்சைக் குத்தியது. போனதும் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். திட்டுவாள். திட்டட்டும்.

வீட்டுக் கதவைத் திறந்தால் பெர்னீஸ் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ ரொம்ப நல்லா இருக்கா இன்னிக்கு. நீ அனுப்பின ஆளுக்கு என்ன பொறுமை! ஒரு வார்த்தை பேசலை. அவளை அப்படியே பூ மாதிரி தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டிட்டார்."

"நான் யாரையும் அனுப்பலை பெர்னீஸ்."

"விளையாடாதே. பேரைச் சொல்லித்தானே கேட்டார். லொரெட்டா டாப்ஸ், ஜன்னலோரக் கட்டில்னு."

"எப்போ போனார்?"

பெர்னீஸ் புருவத்தைச் சுருக்கினாள். "போனதைப் பார்த்த மாதிரி இல்லையே."

ஆர்வில் அறைக்குள் போனார். ஜன்னல் கண்ணாடி முழுவதும் உள்பக்கம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. லொரெட்டா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஈரமுடி. நெற்றியில் ஒரு கோடு இல்லை. கல்யாணத்தன்றுகூட அவள் அவ்வளவு இளமையாக இருந்ததில்லை.

கட்டிலோரம் மண்டியிட்டு அவளுடைய கையைப் பிடித்தார். "லொரெட்டா, நேத்து நான்..."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. புன்னகையோடு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடடா, பாவம்" என்றாள். "ரொம்பக் களைச்சுப்போய் வந்திருக்கீங்களே. உட்காருங்க சார். யாரைப் பார்க்கணும் உங்களுக்கு?"

அவர் பிடித்த கையை விடவில்லை.

மூடியிருந்த குளியலறைக் கதவுக்குப் பின்னால் யாரோ குழாயைத் திறந்து, மெதுவாக, ஒரு வாளியை நிரப்பத் தொடங்கினார்கள்.