நிறம் போகாத தம்ளர்

“ம், செய்து காட்டுங்க” என்றார் நடுவர்.

ரெஜிலா சொட்டுக்குழாயை எடுத்தாள். அவளும் ஸ்வப்னாவும் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை அறிவியல் கண்காட்சிக்கு வந்திருந்தார்கள். 1996ஆம் ஆண்டின் மழைக்காலம் அது. பக்கத்து மேசையில் ஸ்வப்னாவின் அம்மா பிரேமகுமாரி, தான் வளர்த்து உலர்த்திய காளானைப் பாக்கெட் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்.

“சார், காளானை வெயில்ல, ஃபேன் காத்துல, அடுப்புக்கு மேலன்னு மூணு விதமா காயவச்சோம். தனித்தனியா வெந்நீர்ல ஊறவச்சு வடிச்சோம்” என்றாள் ஸ்வப்னா. “தம்ளர்ல பெர்மாங்கனேட் தண்ணி. ஆன்டிஆக்சிடன்ட்ங்கிற சத்து கூடுதல் உண்டுன்னா இந்த ஊதாச் சிவப்பு சீக்கிரம் போவும்.”

ரெஜிலா காளான் நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். வெயில் காளான் தம்ளர் வெளிறியது. காற்றில் காய்ந்ததும் அப்படியே.

மூன்றாவது தம்ளரில் விட்டது, அம்மா அடுப்புக்கு மேல் உலர்த்திய காளானின் நீர். சிவப்பு அப்படியே நின்றது.

பாக்கெட் வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மாவின் முகம் வாடியது.

“ஏட்டி, வெயில் காளான் தண்ணியை இதுல கொஞ்சம் ஊத்தட்டா? ஆருக்கும் தெரியாது” என்று கிசுகிசுத்தாள் ரெஜிலா.

ஸ்வப்னா தம்ளரைக் கையால் மூடினாள். “வேண்டாம்.”

வடிகட்டி ஒதுக்கிய அடுப்புக் காளான் துண்டுகளைப் பார்த்தாள். எல்லாம் கருகல் நிறம்.

“அம்மா, இது அடுப்புக்கு மேல எந்தத் தட்டுல காஞ்சது?”

“கீழ்த்தட்டாக்கும் மக்கா. சூடு கூடுதல். வேகம் காயும்.”

“மேல்தட்டுல உள்ளது உண்டா?”

அம்மா ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். துண்டுகள் வெளுப்பாக இருந்தன.

“சார், கொஞ்சம் நேரம் தருவீங்களா?”

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். “அடுத்த மேசையைப் பாத்துட்டு வாறேன்.”

வெந்நீரில் துண்டுகள் ஊறின. ஸ்வப்னா புதுத் தம்ளரில் பெர்மாங்கனேட் தண்ணீர் ஊற்றி வைத்தாள். இதுவும் பொய்த்துவிட்டால்?

நடுவர் திரும்பி வந்தார். புதுத் தம்ளரில் சொட்டு விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சில சொட்டு. சிவப்பு மெல்ல வெளிறி மஞ்சளானது!

“எங்க காளான்ல, அடுப்பு தப்பில்ல சார். சூடுதான் கூடிப்போச்சு” என்றாள் ஸ்வப்னா.

“கொள்ளாம், நல்லா இருக்கு!” என்று சிரித்தார் நடுவர்.

அம்மா கருகல் பாக்கெட்டுகளை எல்லாம் தனியே எடுத்துப் பையில் போட்டார். “இது விக்கதுக்கு இல்ல. இந்த வாரம் முழுக்க நம்ம வீட்டுல தேங்காய் போட்டு காளான் தோரன்தான்.”

“அப்ப நானும் வாறேன்!” என்றாள் ரெஜிலா.