முனி என்று தொடங்கும் ஆறாயிரம் பேர்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஜூன் மாதக் காலை. காரிமங்கலம் பேருந்து நிலையத்தில் மழை சாய்ந்து அடித்தது. ஓர் இளைஞன் குடையைக் கம்ப்யூட்டர் பிளாப்பித் தட்டுகள் இருந்த பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் தொப்பலாக நனைந்துகொண்டிருந்தான். பக்கத்தில் பேருந்துக்குக் காத்திருந்த வியாகுலம் என்ற பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் திரும்பினான். இமை நுனியில் மழைத்துளியோடு இரண்டு கண்கள்... அவள் அவசரமாகத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து அதே கண்கள், அவள் டைப் செய்யும் வேலை பார்த்த மாங்கூழ் ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் அவளை முறைத்தன. பெங்களூரிலிருந்து வந்த புரோகிராமர் ராஜ்!

வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசையாக நின்றன. பல விவசாயிகளின் பெயரைத் தட்டினால் பதிவு வர ஒன்பது நிமிடம். வண்டியிலேயே பழம் அழுகிக்கொண்டிருந்தது.

"என் புரோகிராம்ல தப்பில்ல சார். ஒரே ஆளை நாலு தடவை டைப் பண்ணி ஃபைலை வீங்க வெச்சிருக்காங்க. ஆளை மாத்துங்க."

மேனேஜர் சென்னப்பன் அவளிடம் திரும்பினார். "நாளையிலிருந்து வர வேண்டாம்மா."

மூன்று வருடக் கல்லூரியில் ஒரு கேள்விகூடக் கேட்காதவள் வியாகுலம். இப்போது எழுந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"போறேனுங்க. அதுக்கு முன்னாடி வாட்சைப் பாருங்க."

சவுரியப்பன் என்று தட்டினாள். இரண்டு நொடி. பச்சியப்பன், நான்கு. முனியம்மாள்... மின்விசிறி மட்டும் சுற்றியது. ஒன்பது நிமிடமும் அவள் உட்காரவில்லை.

"ஃபைல் வீங்கியிருந்தா எல்லாப் பேருக்கும் இழுக்கணுமில்லீங்க? மேனுவல் படிச்சேன். இங்கிலீஷ்ல முதல் நாலு எழுத்துக்கு மட்டும் தேடறதுக்கு இண்டெக்ஸ் போட்டிருக்கீங்க. முனியப்பனைக் கும்பிடாத ஊரு இங்க ஏதுங்க? முனியம்மா, முனிசாமி, முனிரத்தினம்... எல்லாருக்கும் அதே எம்-யூ-என்-ஐ, ஆறாயிரம் பேரு. மெஷின் ஒவ்வொருத்தரா எழுப்பிக் கேக்குது. ஊர்ப் பேரையும் சேர்த்துப் போடுங்க."

"எனக்கே பாடமா?"

"இந்த ஊர்க்காரங்க பேரு தெரியாதவங்களுக்குத்தான்."

அவன் முகம் சட்டென்று மாறியது. உட்கார்ந்து புரோகிராமை மாற்றினான். மத்தியானம் 'இண்டூர், முனியம்மாள்' என்று தட்டியதும் மூன்று நொடியில் திரையில் வந்து நின்றாள் முனியம்மாள்.

"அப்ப தப்பு யாருது?" என்றார் சென்னப்பன்.

"என்னுது சார். எழுதியே குடுக்கறேன். அவங்களை அனுப்பாதீங்க."

சாயங்காலமும் மழை. பேருந்து நிறுத்தத்தில் அவள் தலைக்கு மேல் ஒரு குடை நீண்டது.

"பெட்டிக்கு இல்லீங்களா?"

"அது நனையட்டும்... என் முழுப் பேரு முனிராஜ். இண்டூர்க்காரன். பெங்களூர்ல சிரிப்பாங்கன்னு முனியை வெட்டிட்டேன்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஊர்க்காரங்க பேரு தெரிஞ்சும் தப்பு பண்ணினீங்களா!"

"ஆமாங்க. ஆறாயிரம் முனியில என்னை மட்டும் தேடி எடுப்பீங்களா?"

அவள் குடைக்குள் ஓர் அடி நகர்ந்து நின்றாள்.

"எங்கப்பா மாதாகோயில் உபதேசியாரு. முனி பேர்ல மாப்பிள்ளைன்னா தாம்தூம்னு குதிப்பாரு."

"பயமா?"

"ஒன்பது நிமிஷம் நின்னவளுக்கா? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. வூட்டுக்கு வந்து கேளுங்க. நான் பக்கத்துல நிக்கறேன். ஆனா முழுப் பேரோட வாங்க... பாதிப் பேருக்கு நான் கழுத்தை நீட்ட மாட்டேன்."