முயலை அழித்த அமுதா

நாலு வயது இனிகோ ஒரு வாய் கேரட் தின்றால் போதும், அம்மா செல்போனைத் தொடுவார்; அதில் ஒரு முயல் குதித்துக் குதித்துக் கை தட்டி ஒரு நட்சத்திரம் கொடுக்கும். கூடவே அம்மாவும் அப்பாவும் தட்டுவார்கள்.

"பாருங்க, இன்னைக்கு எட்டு நட்சத்திரம் வாங்கிட்டான்!" என்று அம்மா அப்பாவிடம் காட்டுவார்.

அக்கா அமுதாவும் எதிரில்தான் உட்கார்ந்திருப்பாள். கீரையை வழித்துச் சாப்பிட்டிருப்பாள். அவள் பக்கம் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு யார் கை தட்டுவார்கள்?

அங்கன்வாடி டீச்சர்தான் போனில் அந்த முயல் ஆப்பைப் போட்டுக் கொடுத்திருந்தார். இனிகோ எடை குறைவாக இருந்தான். முயல் வந்த பிறகுதான் அவனுக்குக் காய்கறி இறங்கியது. ஒரே மாதத்தில் அரைக் கிலோ ஏறியிருந்தான்.

அது அமுதாவுக்கும் தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. ஒருநாள் சாயங்காலம், அம்மா துணி எடுக்க மாடிக்குப் போனதும் போனை எடுத்து, முயலை அழுத்திப் பிடித்து அழித்துவிட்டாள்.

"இப்ப குதி, பாக்கலாம்!"

மறுநாள் இனிகோ வாயை இறுக மூடிக்கொண்டான். "முயல் வந்தாத்தான் சாப்பிடுவேன்!"

அம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "முயலையே காணோம். போன் கெட்டுப்போச்சு போல. டீச்சர் வேற பயிற்சிக்குத் தர்மபுரி போயிட்டாங்க. திங்கக்கிழமைதான் வருவாங்க."

இரண்டு நாள் அவனுக்கு வெறும் தயிர்ச்சோறுதான். மூன்றாம் நாள், அம்மா அவனுடைய மெலிந்த கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த அமுதா தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, போன் கெடல. நான்தான் முயலை அழிச்சேன்."

"ஏன்டி?"

"அவன் ஒரு வாய் வாங்குனா வூடே கை தட்டுது. நான் எல்லாத்தையும் சாப்பிடறேன். என்னை யாரும் பாக்கறதில்ல."

அம்மா அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். "நீ பண்ணது தப்புதான். நானும் உன்னைப் பாக்காம இருந்துட்டேன்."

அமுதா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அப்பாவின் துண்டைத் தலையில் கட்டி, இரண்டு முனைகளையும் காதுகளாக நிமிர்த்தினாள். குதித்துக் குதித்து வந்து இனிகோ முன்னால் உட்கார்ந்தாள். ஒரு காது சரிந்து கண்ணை மறைத்தது.

"இந்தச் செவப்பு என்னங்க ஐயா?"

"பீட்ரூட்டு!" இனிகோ சிரித்துவிட்டான்.

"முயலுக்கும் பசிக்குதுங்க. உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு!"

அவன் வாய் திறந்தது. தட்டும் காலியானது.

திங்கட்கிழமை டீச்சர் போனைக் கையில் வாங்கினார். "மறுபடியும் முயலைப் போட்டுத் தரட்டுமாடா?"

"வேணாம் டீச்சர்," என்றான் இனிகோ. "அது சும்மா பாத்துக்கிட்டே இருக்கும். எங்க வூட்டு முயல்தான் கூட உக்காந்து சாப்பிடும்!"