ஞாயிற்றுக்கிழமைத் தரவு

“உங்கள எத்தன நாள் தரவுல சோதிச்சாங்க?” என்று ஜெசிந்தா அந்தக் கட்டுரையைக் கேட்டாள்.

“ஒரு நாள்,” என்றது கட்டுரை.

“என்ன கிழமை?”

“ஞாயிறு.”

ஜெசிந்தா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆய்வுக்கட்டுரைகளுக்கு உரைவாய் வந்து பன்னிரண்டு வருடங்களாகின்றன. இப்போது யாரும் கட்டுரையை வாசிப்பதில்லை, அதனிடமே கேட்டுவிடுகிறார்கள். எழுதியவரின் தரவும் குறிப்பேடும் சேர்ந்தே உள்ளே போவதால் உரைவாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். அதுவும் கட்டுரையில் முதல் பெயர் யாருடையதோ, அவருடைய குரலில்.

இந்தக் குரல் பேராசிரியர் சங்கரபாண்டியனுடையது. கணினியியல் முதுகலையில் ஜெசிந்தாவுக்கு அவர்தான் வழிகாட்டி. சாலை நெரிசலை ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிடும் ‘சங்கிலி முறை’ அவர் கண்டுபிடித்தது; இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். ஜெசிந்தா நெரிசல் கணிப்பைப் பற்றி வந்த கட்டுரைகளையெல்லாம் அலசி ஒரு மதிப்பாய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அதை அவர் ஒப்புக்கொண்டால்தான் அவளுக்குப் பட்டம்.

“அன்னைக்கு எங்கயாவது நெரிசல் இருந்துச்சா?”

“நூறு சாலைகளில் மூன்றில். மூன்றும் கல்யாண மண்டப வாசல்.”

“அத முன்னாடியே சொன்னீங்களா?”

“இல்லை. நூறு சாலைக்கும் நெரிசல் இல்லை என்றேன். தொண்ணூற்றேழு சரியாக இருந்தது.”

“இத ஏன் இம்புட்டு நாளா சொல்லல?”

“யாரும் கிழமை கேட்கவில்லை.”

அந்தத் தொண்ணூற்றேழை நம்பி அறுபத்திரண்டு கட்டுரைகள் எழுதப்பட்டிருந்தன. ஜெசிந்தா ஆறு வேலைநாள் தரவை எடுத்துச் சங்கிலி முறையைத் தானே ஓட்டிப் பார்த்தாள். நூற்றுக்கு நாற்பதுகூடத் தேறவில்லை.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா?” என்றாள் அறைத்தோழி ராபியா. “உன் கைடோட கட்டுரைட்டி அது. ரெண்டு வரி புகழ்ந்து எழுதிட்டுப் போவியா!”

“நீயே அதுகிட்ட கேளு. கேட்டுட்டுப் புகழச் சொல்லு, பாப்போம்.”

ராபியா கேட்டாள். கல்யாண மண்டபம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சிரிப்பு சிரிப்பா வருதுட்டி. ஆனா பட்டம் போச்சுன்னா நீதான் அழணும்.”

“கணக்கு எம்பக்கம் இருக்கு. நான் ஏன் அழணும்?”

தன் கட்டுரையின் நாலாம் பகுதியில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள்.

அவள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது சங்கரபாண்டியன் பக்கத்தைத் திறக்கவில்லை. உரைவாயைத் தட்டினார்.

“எத்தன கட்டுரை பாத்திருக்கு?”

“அறுபத்து மூன்று,” என்றது கட்டுரை, ஜெசிந்தாவின் குரலில்.

“என்னோடது?”

“நாலாம் பகுதி முழுவதும் உங்கள் கட்டுரையைப் பற்றியது.”

“முழுப் பகுதியா! புதுசா ஏதும் சொல்லுதா?”

“இதுவரை யாரும் சொல்லாததைச் சொல்கிறது.”

“சபாஷ்!” என்றபடி ஒப்புதல் கட்டத்தில் விரலை வைத்தார்.

ஜெசிந்தாவுக்குப் பட்டம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. “சார், நாலாம் பகுதிய மட்டும் நீங்களே ஒரு தடவ வாசிச்சிருங்க. உங்க முறை தப்புன்னு எழுதியிருக்கேன்.”

“குறை சொல்லாத மதிப்பாய்வு உண்டாம்மா?” அவர் சிரித்தார். “வாசிக்கணும்னா அதுக்கு எதுக்கு வாய்? சரி, இத மதுர மாநாட்டுக்கு அனுப்பிருவோம். நடைமுறை தெரியும்லா? கைடு பேரு மொதல்ல.”

“கடைசியில போட்டா போதாதா, சார்?”

“எம்பேரு மொதல்ல இருந்தாத்தானம்மா நாலு பேரு கேப்பான்!”

அவர் கண் முன்னாலேயே பெயரை மாற்றினாள்.

மதுரையில் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். மேடையில் அந்தக் கட்டுரையின் உரைவாய், முன்வரிசையில் சங்கரபாண்டியன், அவருக்குப் பின்னால் ஜெசிந்தா. நகரப் பேருந்துக் கழகத்துப் பொறியாளர் ஒருத்தி எழுந்தாள்.

“எங்க பஸ்ஸுகளுக்குச் சங்கிலி முறைய வாங்கலாம்னு இருக்கோம். வாங்கலாமா?”

“வாங்காதீர்கள்,” என்றது சங்கரபாண்டியனின் குரல், கணீரென்று. “அது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் சோதிக்கப்பட்டது. வேலைநாளில் உதவாது.”

சங்கரபாண்டியன் துள்ளி எழுந்தார். “இல்லல்ல, நான் அப்படிச் சொல்லல! என் முறையில ஒரு குறையும் கிடையாது. நான் சொல்லுதேன், கேளுங்க…”

பொறியாளர் கையமர்த்தினாள். “சார், கொஞ்சம் சும்மா இருங்க. உங்களத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்.”